பீடத்தில் வைத்த கிடார் குறித்து ஷைனி சொன்னது

பெயர்: ஷைனி. கணவர் பெயர்: ஸ்டெர்லின். வயது: 43. தொழில்: கணவரின் பட்டறையில் கிடார்களுக்கு பாலிஷ் போடுவது. சொந்த ஊர்: திசையன்விளை பக்கம். இப்போதைய முகவரி: தாராவி, நைன்டி ஃபீட் ரோட்டை ஒட்டிய சந்து, கீழே பட்டறை, மேலே குடியிருப்பு. நாள்: 24 நவம்பர் 2025.

நான் இந்த வாக்குமூலத்தைத் தமிழில் சொல்கிறேன். எனக்கு இந்தி பேச வரும். ஆனால் இந்த விஷயத்தை இந்தியில் சொன்னால் நான் நினைக்காததும் அதில் சேர்ந்து வந்துவிடும். அதனால் இந்த ஸ்டேஷனில் தமிழ் தெரிந்த ஹவில்தார் நம்பிராஜன் அவர்கள் நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்கிறார். பிறகு மராத்தியில் மாற்றி மேலே அனுப்புவார்களாம். சரி என்றேன். என்னை யாரும் மிரட்டவில்லை. இரண்டு முறை டீ வாங்கிக் கொடுத்தார்கள். காலை பத்து மணியிலிருந்து பெஞ்சில் உட்கார்ந்திருப்பதால் முதுகு வலிக்கிறது, அவ்வளவுதான்.

என் கணவர் ஸ்டெர்லின் கடந்த 21ஆம் தேதி இங்கே வந்து, கிடாரைத் தன் சம்மதத்தோடுதான் நான் ஆலயத்தில் வைத்தேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். அது உண்மை இல்லை. அதைச் சொல்லத்தான் வந்தேன். அவர் எழுதிக் கொடுத்தபடி வைத்துக்கொண்டால், வாடிக்கையாளரின் பொருளைத் தெரிந்தே வேறிடத்தில் கொடுத்தவர் ஆகிவிடுவார். எடுத்தது நான். அவரிடம் சொல்லாமல் எடுத்தேன்.

என் கணவர் செய்வது ஜிப்சி ஜாஸ் என்கிற ஒரு வகை சங்கீதத்துக்கான கிடார். ஹவில்தார், ஜிப்சி என்றால் ஸ்டேஷனில் நிற்கிற அந்த ஜீப்பா என்று கேட்டார். இல்லை என்றேன். ஐரோப்பாவில் ஊர் ஊராகப் போய் வாசித்தவர்களிடமிருந்து வந்த சங்கீதம் அது. இந்தக் கிடாரில் ஓட்டை வட்டமாக இருக்காது, சின்னதாக முட்டை வடிவில் இருக்கும். முகப்புப் பலகையைச் சுட்ட இரும்பில் வைத்து ஒரு இடத்தில் லேசாக மடிக்க வேண்டும். தந்திகளைத் தாங்குகிற கட்டையை ஒட்டக் கூடாது, அது தந்தியின் அழுத்தத்தில் சும்மா நிற்கும். என் கணவர் முதலில் மாட்டுங்காவில் ஒரு கடைக்கு ஆர்மோனியமும் கிடாரும் பழுது பார்த்துக்கொண்டிருந்தார். பதினாறு வருஷத்துக்கு முன்னால் ஒரு வெள்ளைக்காரர் உடைந்த கிடார் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். அதைப் பிரித்து அளவெடுத்ததிலிருந்து இவருக்கு வேறு வேலை இல்லாமல் போய்விட்டது. வருஷத்துக்கு நாலு கிடார், நல்ல வருஷமாக இருந்தால் ஐந்து. செம்பூரில் இருக்கும் நிகில் என்பவர் ஆர்டர் பிடித்துக் கொடுப்பார், முடிந்ததும் வாங்கி அனுப்புவார். இந்தக் கிடாரை வாசிக்கிறவர்கள் உலகத்திலேயே கொஞ்சம் பேர்தான். எல்லோரும் ஒருவருக்கொருவர் இன்டர்நெட்டில் பேசிக்கொள்கிறவர்கள். ஒருவர் குறை சொன்னால் மறுநாள் எல்லோருக்கும் தெரியும். அந்தப் பயத்திலேயேதான் இத்தனை வருஷமும் பிழைத்தோம்.

2024 மார்ச் மாதம் பெல்ஜியத்தில் இருக்கும் ஒரு பெண்மணிக்காக நிகில் ஆர்டர் கொடுத்தார். அந்த அம்மாவுக்குச் சின்னக் கை. அதனால் கழுத்துப் பகுதி ஒல்லியாக வேண்டும் என்று, தன் இடது கையைக் காகிதத்தில் வைத்து பென்சிலால் சுற்றி வரைந்து தபாலில் அனுப்பியிருந்தார். என் கணவர் அதைப் பட்டறைச் சுவரில் ஒட்டி வைத்தார். நான் பாலிஷ் போடும் இடத்துக்கு நேர் எதிரே அந்தக் கை இருந்தது. நான் அந்த அம்மாவைக் கைக்காரம்மா என்று சொல்வேன். அவர் பேர் என் வாயில் நுழையாது.

அதன் பிறகு, 2025 ஜனவரி 6ஆம் தேதி, மரத்தை மெல்லிசாக அறுக்கும்போது ரம்பத்தில் என் கணவரின் வலது கை மாட்டி, இரண்டு விரல்களின் நரம்பு அறுந்தது. அரசு ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்தார்கள். நரம்பு ஒட்டிக்கொள்ளும், ஆனால் விரல் பழையபடி மடங்குமா என்று இப்போது சொல்ல முடியாது என்றார் டாக்டர். அப்போது வார்டுக்கு வெளியே, தண்ணீர் பிடிக்கும் குழாய்ப் பக்கத்தில் நின்று நான் ஒரு பொருத்தனை பண்ணினேன். இந்தக் கை பிழைத்தால், பிழைத்த கை முதலில் செய்கிற பொருளை அறுப்பின் பண்டிகையில் ஆண்டவருக்குக் கொடுத்துவிடுகிறேன் என்று சொன்னேன். கர்த்தரிடம் பேரம் பேசவில்லை. பயத்தில் வாயில் வந்ததைச் சொன்னேன்.

பொருத்தனை என்றால் வேண்டுதல்தான் என்று ஹவில்தாருக்கு விளக்கினேன். அறுப்பின் பண்டிகை என்பது எங்கள் ஆலயத்தில் வருஷத்துக்கு ஒருமுறை வருவது. அவரவர் உழைப்பில் முதலில் கிடைத்ததைக் கொண்டுவந்து பீடத்துக்கு முன்னால் வைப்பார்கள். ஊரில் என்றால் நெல், வாழைக்குலை, ஆட்டுக்குட்டி. இங்கே யாருக்கும் வயல் இல்லை. அதனால் இட்லி மாவு, பெல்ட், முறுக்கு, தைத்த பாவாடை என்று வைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் அதையெல்லாம் ஏலம் விட்டு வருகிற பணம் ஆலயத்துக்குப் போகும்.

கட்டுப் பிரித்தது மார்ச் கடைசியில். அதன் பிறகு அவர் ரப்பர் பந்தை அமுக்கிக்கொண்டு பட்டறையில் சும்மா உட்கார்ந்திருந்தார். ஆர்டர் கொடுத்த இரண்டு பேர் விலகிக்கொண்டார்கள். கைக்காரம்மா மட்டும், மெதுவாகச் செய்யுங்கள், நான் காத்திருக்கிறேன் என்று எழுதினார். ஜூன் மாதம் அவருடைய கிடாரில்தான் கை வைத்தார். பக்கப் பலகைகள் விபத்துக்கு முன்னாலேயே வளைத்து வைத்தவை. மற்றதெல்லாம் பிழைத்த கை செய்தது. பக்கப் பலகையைக் கணக்கில் எடுக்க வேண்டுமா என்று நான் இரண்டு நாள் யோசித்து, வேண்டாம் என்று எனக்கு நானே முடிவு பண்ணினேன்.

ஜூலையில் அவர் முகப்புப் பலகையை மடித்தார். அந்த வேலை நடக்கும்போது மூச்சுக்கூட மெதுவாகத்தான் விடுவார். ஒரு நொடி அதிகமானால் பலகை வெடித்துவிடும். அப்போது யார் என்ன கேட்டாலும் "ம்" என்பார். வீடு எரிகிறது என்றாலும் "ம்" என்பார். நான் அப்போது பக்கத்தில் நின்று, இதை ஆலயத்தில் வைக்கப் பொருத்தனை பண்ணியிருக்கிறேன், வைத்துவிடட்டுமா என்று கேட்டேன். "ம்" என்றார். இந்த "ம்"-ஐத்தான் அவர் 21ஆம் தேதி சம்மதம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். அந்த நேரத்தில் கேட்டால் அப்படித்தான் சொல்வார் என்று தெரிந்தே நான் கேட்டேன். இருபது வருஷம் கூட இருக்கிறவளுக்கு இது தெரியாதா? அது சம்மதம் ஆகாது.

அது சம்மதம் இல்லை என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அக்டோபரில் பாலிஷ் பாதி முடிந்தபோது நேராகவே கேட்டேன். அவர் மரம் இழைக்கும் ரந்தாவைக் கீழே வைத்துவிட்டு, "அடுத்தத வச்சிக்கிடலாம்ட்டி. இது அந்தம்மாவுக்குள்ளது" என்றார். நான், "மொதல்ல செய்யதத் தாரேன்னுதான் சொல்லியிருக்கேன். ரெண்டாவது தாரேன்னு சொல்லல" என்றேன். "ஆண்டவர் என்ன, எண்ணிக்கிட்டா இருக்காரு?" என்று கேட்டார். அந்த வாரம் அவருடைய நடுவிரல் மறுபடியும் வீங்கியது. ஆண்டவர் எண்ணிக்கொண்டுதான் இருக்கிறார் என்பதற்கு எனக்கு அது போதுமானதாக இருந்தது.

பாலிஷ் என்றால் அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து, துணிப் பொதியில் நனைத்து, வட்டம் வட்டமாகத் தேய்ப்பது. ஒரு கிடாருக்கு நூறு தடவைக்கு மேல் தேய்க்க வேண்டும். பட்டறை மேஜை அவருடைய உயரத்துக்குப் போட்டது, எனக்கு எட்டாது. ஒரு குட்டி ஸ்டூலைப் போட்டு ஏறி நின்று தேய்ப்பேன். ஒரு கால் குட்டையான ஸ்டூல், ஆடிக்கொண்டே இருக்கும், அட்டையை மடித்து அடியில் வைத்திருந்தேன். அப்படி நின்றுதான் இரண்டரை மாதம் அந்தக் கிடாரைத் தேய்த்தேன். தேய்த்த நேரமெல்லாம் ஸ்தோத்திரம் சொன்னேன். எதிரே சுவரில் அந்தக் கை இருந்ததையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். தெரியாமல் செய்தேன் என்று நான் சொல்லவில்லை.

அதன் பிறகு, நவம்பர் 2ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை அறுப்பின் பண்டிகை. கிடாரை அனுப்புவதற்கான பெட்டியை வாங்க என் கணவர் காலையிலேயே செம்பூருக்கு, நிகில் வீட்டுக்குப் போய்விட்டார். நான் கிடாரை ஆணியிலிருந்து இறக்கி, பூத்துவாலையில் சுற்றி, ஆலயத்துக்கு நடந்தே கொண்டுபோய், பீடத்துக்கு முன்னால் இரண்டு பூசணிக்காய்க்கு நடுவில் சாய்த்து வைத்தேன். பாரம் இறங்கிய மாதிரி இருந்தது.

ஆராதனை முடிந்து ஏலம் ஆரம்பித்தது. ஒரு வாழைக்குலை பதினோராயிரத்துக்குப் போனது. ஆலயத்து ஏலத்தில் அப்படித்தான், பொருளின் விலையை யாரும் பார்ப்பதில்லை. கிடாரை எடுத்தபோது எல்லோரும் அந்த முட்டை ஓட்டையைப் பார்த்துச் சிரித்தார்கள். பாடகர் குழுவில் ஒருவர் சுதி சேர்க்கிறேன் என்று தந்திகள் எல்லாவற்றையும் ஒரேயடியாகத் தளர்த்தினார். தந்தி தளர்ந்ததும் ஒட்டாமல் நிற்கிற கட்டை நழுவிக் கீழே விழுந்தது. ஏலம் விட்டவர் மைக்கிலேயே, "என்னத்தவே பண்ணினீரு, கட்ட கழண்டுட்டே!" என்றார். உடைந்த சாமானைக் கொண்டுவந்து வைத்துவிட்டேன் என்று பின்னால் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டார்கள். அந்தக் கிடாரை நிகில் மூன்றரை லட்சத்துக்கு விற்றிருக்கிறார். அங்கே ஐந்நூறு ரூபாய்க்குக்கூட யாரும் வாய் திறக்கவில்லை.

அந்த நேரத்தில்தான் என் கணவர் ஆண்கள் பக்க வாசலில் வந்து நின்றார். வீட்டில் ஆணி காலியாக இருந்ததைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். கையில் கிடார்ப் பெட்டி இருந்தது, காலிப் பெட்டி. கட்டை கீழே கிடப்பதைப் பார்த்து ஒரு அடி முன்னால் வைத்தார். பிறகு கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார்.

அப்போது ஞானசேகரன் அவர்கள் எழுந்தார். அவர் தோல் பெல்ட் பட்டறை வைத்திருப்பவர், ஆலயக் கமிட்டியில் இருப்பவர், வயது அறுபதுக்கு மேல். "ஆலயத்துல வச்ச பொருளு ஏலம் போவாம நிக்கப்பிடாது. ஆறாயிரம், எழுதிக்கிடுங்க" என்றார். அவருக்குக் கிடார் வாசிக்கத் தெரியாது. என் மானத்தைக் காப்பாற்றத்தான் எடுத்தார். இந்த விஷயத்தில் அவர் மேல் எந்தத் தப்பும் இல்லை, அதை அழுத்தமாக எழுதிக்கொள்ள வேண்டும்.

வீட்டுக்கு வந்த பிறகு என் கணவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. பெட்டியைத் திறந்து, மூடி, மேஜையில் வைத்தார். அங்கே இருந்தீங்களே, நீங்களே ஏலம் எடுத்திருக்கலாமே என்று நான்தான் கத்தினேன். அதற்கு அவர், "நான் கையத் தூக்கியிருந்தா, எம் பொண்டாட்டி சொல்லாம எடுத்துட்டு வந்துட்டான்னு மைக்குல சொன்ன மாதிரில்லா ஆயிருக்கும்ட்டி" என்றார். அவர் அங்கே இருந்தும் தடுக்கவில்லை, அதனால் சம்மதம்தான் என்று இந்த ஸ்டேஷனில் சொல்கிறார்களாம். அவர் ஏன் தடுக்கவில்லை என்பதற்கு இதுதான் காரணம். இதைச் சம்மதம் என்று எழுதினால் எனக்கு மனசு ஆறாது.

மறுநாள் நாங்கள் இருவரும் ஞானசேகரன் வீட்டுக்குப் போய், ஆறாயிரத்துக்கு மேலேயே தருகிறோம், கிடாரைக் கொடுங்கள் என்று கேட்டோம். அவர் முகம் மாறிவிட்டது. "துட்டு கர்த்தருக்குப் போயிட்டு. அத நீங்க திருப்பித் தந்து நான் வாங்கினா நல்லாருக்குமா? பொருளு இங்கயே இருக்கட்டும்" என்றார். ஏலத்தில் எடுத்ததைத் திருப்பிக் கொடுப்பது எங்களில் வழக்கம் இல்லை. அவரைக் குறை சொல்ல முடியாது. நானாக இருந்தாலும் கொடுத்திருக்க மாட்டேன்.

அதன் பிறகு நிகில் வந்தார். அவர் நல்ல மாதிரிதான், என்னை இந்தியில் அண்ணி என்கிற மாதிரி பாபி என்றுதான் கூப்பிடுவார். "பாபி, என்ன பண்ணி வெச்சிருக்கீங்க? அந்த லேடி பத்தொம்பது மாசமா வெயிட் பண்றா. பூரா பைசா குடுத்தாச்சு. நான் என்ன சொல்லட்டும், சர்ச்ல ஆக்‌ஷன்ல ஏலம் போயிடுச்சுன்னா?" என்று கேட்டார். வேறு ஒன்று செய்து தருகிறோம் என்றோம். என் கணவரின் வீங்கின விரலைப் பார்த்தார். பத்து நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, 14ஆம் தேதி என் கணவர் பேரில் புகார் கொடுத்தார். அவர் கொடுத்ததும் நியாயம்தான். எல்லோரும் நியாயமாகத்தான் நடந்திருக்கிறார்கள், என்னைத் தவிர.

போலீஸார் ஞானசேகரன் வீட்டிலிருந்து கிடாரை எடுத்து வந்தார்கள். இந்த ஸ்டேஷனில் அது பிளாஸ்டிக் பையில் சீல் வைத்து இருக்கிறது. கட்டையை யாரோ தப்பான இடத்தில் வைத்துத் தந்தியை முறுக்கியிருக்கிறார்கள். என் கணவர் 21ஆம் தேதி இங்கே வந்தபோது, அந்தக் கட்டையை மட்டும் இரண்டு நூல், அதாவது கால் அங்குலம், தள்ளி வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டாராம். தடயப் பொருள், தொடக் கூடாது என்று சொல்லிவிட்டார்களாம். தன் மேல் என்ன கேஸ் வரும் என்று அவர் கேட்கவில்லையாம். இதை ஹவில்தார்தான் எனக்குச் சொன்னார்.

இனி சொல்லப்போவது 19ஆம் தேதி நடந்தது. அன்று போலீஸார் எங்கள் பட்டறைக்கு வந்து, சாட்சிகள் முன்னால் இருப்பதைப் பட்டியல் போடுகிற பஞ்சநாமா எழுதினார்கள். பக்கத்துக் கடை மகேஷ்குமாரும் இன்னொருவரும் சாட்சியாக நின்றார்கள். பட்டறையில் இருந்த ஒவ்வொரு பொருளையும் காட்டி இது என்ன, எப்போது செய்தது என்று கேட்டு வரிசையாக எழுதினார்கள். ரம்பம், இரும்பு, அச்சு, பலகை, சுவரில் இருந்த கைப்படம். பதின்மூன்று பொருள் ஆனது. நான் அடுப்படிப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தேன். பதினான்காவதாக இதே ஹவில்தார் என் குட்டி ஸ்டூலைக் காலால் தட்டி, இது என்ன என்று கேட்டார். என் கணவர், "அது கட்டுப் பிரிச்சதுக்கப்புறம் மொதல்ல செஞ்சது சார். உளி பிடிக்க வருதான்னு பாத்தேன். அவ உசரம் பத்தாம எக்கி எக்கித் தேய்ப்பா" என்றார். "பழைய மர ஸ்டூல், அரக்குக் கறை படிந்தது, ஒன்று" என்று எழுதிக்கொண்டார்கள்.

அந்த ஸ்டூல் ஏப்ரல் மாதம் ஒருநாள் காலையில் மேஜைக்கு அடியில் இருந்தது. பழைய சாமான் கடையில் வாங்கி வந்திருக்கிறார் என்றுதான் நான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். ஒரு கால் குட்டையாக இருந்ததற்கு, யார் செய்தானோ, கை விளங்காதவன் என்று அவருக்குக் கேட்கும்படியே ஏசியிருக்கிறேன்.

போலீஸார் போன பிறகு, பொருத்தனை விஷயம் தெரிந்திருந்தும் இதை ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். "நீ ஸ்டூலயா கேட்ட? கிடாரத்தான கேட்ட" என்றார். பிறகு, அதையெல்லாம் ஒரு பொருளாகவே தான் நினைக்கவில்லை என்றார்.

ஆகவே நான் பொருத்தனை பண்ணியது கிடாரை இல்லை. கிடாரில் எனக்கோ ஆலயத்துக்கோ ஒரு பங்கும் இல்லை. அது முழுக்க முழுக்க அந்தக் கைக்காரம்மாவுக்கு உள்ளது. நான் அதை எடுத்தது திருட்டு. ஆண்டவர் பேரைச் சொல்லி எடுத்தாலும் திருட்டுதான். என் கணவர் கொடுத்த வாக்குமூலத்தைத் தள்ளிவிட்டு இதை எடுத்துக்கொள்ள வேண்டும். கிடாரை விடுவிக்கும்போது, பெட்டியில் வைப்பதற்கு முன்னால் என் கணவரை ஐந்து நிமிஷம் அந்தக் கட்டையைத் தொட விட வேண்டும். நான் கேட்பது இவ்வளவுதான்.

அப்படியானால் ஸ்டூலை ஆலயத்தில் கொடுத்துவிட்டீர்களா என்று ஹவில்தார் கேட்டார். இல்லை. ஐந்து நாள் ஆகிவிட்டது, நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் போய்விட்டது. துடைத்து வைத்தேன், அட்டையை எடுத்தேன், துவாலையில்கூடச் சுற்றினேன். இன்னொருத்தியின் கிடாரைக் கொண்டுபோக எனக்கு ஒரு நிமிஷம் ஆகவில்லை. இதைத் தூக்கிக்கொண்டு வாசல் தாண்ட முடியவில்லை. யாராவது ஏலத்தில் எடுத்துக்கொண்டு போய்விடுவார்களே என்று இருக்கிறது. இதைக் கொடுக்க எனக்கு மனசு இல்லை. இது கேஸுக்கு வேண்டாத விஷயம் என்றார் ஹவில்தார். இதையும் எழுதினால்தான் கையெழுத்துப் போடுவேன் என்றேன்.

நான் சொன்னது சொன்னபடி எழுதப்பட்டு எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. கேட்டேன், சரியாக இருக்கிறது. இதில் பொய் இல்லை. வேறு யாருக்காகவும் இதைச் சொல்லவில்லை என்று மட்டும் சொல்ல மாட்டேன்.

(ஒப்பம்) ஷைனி ஸ்டெர்லின்

என் முன்னிலையில்: நம்பிராஜன், ஹவில்தார்